டெம்ப்ளேட்டிலேயே இருக்கிறது ஆணாதிக்கம்

தமிழ் மீம் டெம்ப்ளேட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஏதாவது ஒரு டெலிகிராம் சேனலைத் திறந்து, முதல் நூறு படங்களில் யார் முகமெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வடிவேலு, கவுண்டமணி, செந்தில், விவேக், சந்தானம், யோகி பாபு. பயம், வெட்டிப் பந்தா, ஏமாற்றம், அடி வாங்கிய பிறகு வரும் ஞானம், எதிராளியை எடை போடும் பார்வை என்று மனதின் எல்லாச் சுழிப்புக்கும் ஆண் முகம் ஒன்று தயாராக இருக்கிறது. பெண் முகம் எப்போது வருகிறது? வெட்கப்படும்போது, அழும்போது, யாரையாவது அறையும்போது, காதலை மறுத்துவிட்டுப் போகும்போது. கோவை சரளாவோ மனோரமாவோ வந்தால்தான் கொஞ்சம் பேச்சு. அங்கேயும் பாதி நேரம் புருஷனை வெளுத்து வாங்கும் பொண்டாட்டி வேலைதான். யோசிக்கிற பெண், சந்தேகப்படுகிற பெண், 'சரி, நீ சொல்லி முடி' என்று நக்கலாகப் பார்க்கிற பெண்ணெல்லாம் தேடிப் பிடிக்க வேண்டியவர்கள்.

இதற்கு மீம் போடுபவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. டெம்ப்ளேட் என்பது பெரும்பாலும் சினிமா காமெடி ட்ராக்கிலிருந்து நிறுத்தி எடுத்த ஒரு ஃப்ரேம். அந்த ட்ராக்குகளில் சிந்திக்கும் வேலை முழுக்க ஆண்களுக்கே எழுதப்பட்டிருந்தது. ஆக, ஆணாதிக்கத்தைக் கலாய்க்கலாம் என்று உட்காரும் பெண்ணின் கைக்கு முதலில் கிடைக்கும் கருவியே ஆண் குரலில் பேசுகிறது. கேப்ஷனை மட்டும் மாற்றினால் அவள் கோபம் இன்னொரு வடிவேலு ஜோக்காகப் போய்ச் சேரும். அதனால் எதிர்ப்பு எழுத்திலிருந்து தொடங்கினால் போதாது, படத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஓவியம் படிக்கிறவர்களுக்கு இதில் வேலை நிறைய இருக்கிறது.

வெட்டி ஒட்டிச் சண்டை போடுவது இணையம் வந்த பிறகு பிறந்த வித்தையும் இல்லை. பெர்லினில் ஹன்னா ஹோஹ் 1919-20இல் செய்த பெரிய ஒட்டுப்படத்தின் நீண்ட தலைப்பு, பீர் தொப்பை போட்ட வைமார் ஜெர்மனியை (முதல் உலகப்போருக்குப் பின் பிறந்த ஜெர்மன் குடியரசை)ச் சமையலறைக் கத்தியால் அறுப்பதாகச் சொல்கிறது. ஹோஹ் அப்போது ஒரு பெரிய பதிப்பகத்தில் பெண்கள் பத்திரிகைகளுக்குத் தையல், பின்னல் மாதிரிகள் வரைந்துகொண்டிருந்தார். பத்திரிகைப் படங்களை வெட்டி, ராணுவத் தளபதி ஹிண்டன்பர்க்கின் தலையை ஒரு நடனக்காரியின் உடலில் ஒட்டினார். வலது கீழ் மூலையில், பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளின் வரைபடத்தை வைத்து, அதன் ஓரத்தில் தன் முகத்தையும் சின்னதாகச் செருகினார். 1920இல் நடந்த தாதா என்ற கலகக் கலை இயக்கத்தின் கண்காட்சியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்த்தவர்கள் வெளியாட்கள் அல்ல, கிராஸ், ஹார்ட்ஃபீல்ட் போன்ற புரட்சிக்காரக் கலைஞர் நண்பர்கள்தான். கலகக்காரர்களின் கூட்டத்திலும் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்திருக்கிறது. அந்த மூலையில் இருக்கும் வரைபடத்தைக் கவனியுங்கள். கேலிக்கு நடுவே சரிபார்க்கக்கூடிய ஒரு தகவல். நல்ல எதிர்ப்பு மீமில் இப்போதும் அப்படி ஒன்று இருக்கும்.

அதையே முழுநேர உத்தியாக ஆக்கியவர்கள் நியூயார்க்கின் கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர் குழு. அங்குள்ள நவீன கலை அருங்காட்சியகம் 1984இல் உலக ஓவியம், சிற்பம் என்று நடத்திய கண்காட்சியில் 169 கலைஞர்கள். அவர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த ஆண்டு இந்தக் குழு கொரில்லா முகமூடியோடு கிளம்பியது. அவர்களுடைய 1989ஆம் ஆண்டுச் சுவரொட்டி இன்றைக்கும் மீம் போடுபவர்களுக்குப் பாடப்புத்தகம். பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1814இல் வரைந்த, முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் நிர்வாணப் பெண்ணை எடுத்துக்கொண்டு தலையை மட்டும் கொரில்லாவாக மாற்றினார்கள். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள் நுழைய பெண்கள் நிர்வாணமாக இருந்தாக வேண்டுமா என்று ஒரு கேள்வி. கீழே இரண்டு எண்கள்: நவீனப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாணப் படங்களில் 85 சதவீதம் பெண்கள். விளம்பரப் பலகைக்காகச் செய்து, அங்கே மறுக்கப்பட்டு, பேருந்துகளில் ஒட்டி, அங்கிருந்தும் நீக்கப்பட்ட படம் அது. 2005இல் மறுபடி போய் எண்ணினார்கள்: 3 சதவீதத்துக்கும் குறைவு, 83 சதவீதம். 2012இல் 4 சதவீதத்துக்கும் குறைவு, 76 சதவீதம். அந்தப் பெண் உருவத்தில் மாறியது ஒன்றே ஒன்று, தலை. உடல், படுத்திருக்கும் விதம், கையிலிருக்கும் விசிறி எல்லாம் அப்படியே. மூலத்தைப் பார்ப்பவர் அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு விட்டுவைத்து ஒரே ஒரு இடத்தில் கை வைப்பதுதான் இந்தக் கலையின் அடிப்படை. மூன்று இடத்தில் கை வைத்தால் எது ஜோக் என்று தெரியாமல் போகும்.

சினிமா முகம் வேண்டாம் என்றால் வேறு எங்கே போவது? ரவி வர்மா. அவர் இறந்தது 1906இல். இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டு முடிந்தால் ஓவியம் பொதுச் சொத்து. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அவருடைய அச்சகம் ஊர் ஊராக அனுப்பிய, எண்ணெய் ஓவியம்போல் தோன்றும் ஒலியோகிராஃப் அச்சுப் படங்களாலும், அவற்றைப் பார்த்து வளர்ந்த காலண்டர்களாலும், அந்த முகபாவமும் புடவை மடிப்பும் பார்ப்பவர் கண்ணில் ஏற்கெனவே பதிந்திருக்கின்றன. மீமுக்குப் பாதி வேலை இந்தப் பழக்கம்தான்.

1893இல் அவர் வரைந்த 'அதோ அப்பா வருகிறார்' என்ற ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். மாதிரியாக நின்றது அவர் மகள் மகாபிரபா. கையில் குழந்தை, காலடியில் ஒரு நாய். தாயின் பார்வை ஓவியத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரை நோக்கிப் போகிறது. அப்பா படத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் படத்தின் ஒவ்வொரு கோடும் அவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. ஆணாதிக்கம் ஒரு வீட்டுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒரு சட்டகத்துக்குள் அடைக்க முடியாது. இதில் இன்னொரு விசித்திரம், அது தாய்வழி மரபுக் குடும்பம். சொத்தும் வாரிசும் பெண் வழியாக இறங்கும், கணவர் அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர். இந்த மகாபிரபாவின் இன்னொரு குழந்தையான சேது லட்சுமி பாய்தான் பின்னாளில், 1924 முதல் 1931 வரை, திருவிதாங்கூரை ஆண்டார். அப்படிப்பட்ட வீட்டிலும் ஓவியத்தின் தலைப்பு அப்பாவுக்குத்தான் போயிருக்கிறது.

இதை மீமாக்கும் வழி இது. விக்கிமீடியா காமன்ஸில் உயர் தெளிவுப் பிரதியை எடுங்கள். நீளப் பக்கம் 2000 பிக்ஸலுக்குக் குறைவான பிரதி வேண்டாம், வெட்டும்போது முகம் பிசிறடிக்கும். இன்ஸ்டாகிராமுக்கு 1080க்கு 1350 அளவில் வெட்டுங்கள். அவள் பார்க்கிற பக்கம் உள்ள காலியிடத்தை வெட்டிவிடாதீர்கள். அந்தக் காலியிடம்தான் அப்பா. பலர் செய்யும் தப்பு அங்கே ஏதாவது ஒரு நடிகரின் படத்தைக் கொண்டுவந்து ஒட்டுவது. ஒட்டினால் அது அந்த நடிகரைப் பற்றிய மீம் ஆகிவிடும். காலியாக விட்டால் பார்க்கிறவர் தன் வீட்டு ஆளைத் தானே நிறுத்திக்கொள்வார்.

அடுத்தது எழுத்து. 'ஆணாதிக்கம் ஒழிக' என்று எழுதினால் அது கோஷம். ஊர்வலத்துக்குச் சரி, இந்தப் படத்துக்கு ஒட்டாது. 'அப்பா வர்றாரு, எல்லாரும் சிரிப்பை நிறுத்துங்க' பரவாயில்லை, ஆனால் கொஞ்சம் விளக்குகிறது. 'வந்துட்டாரு. ரிமோட்டை எடுத்த இடத்துல வை.' இது பிடிக்கும். அதிகாரம் என்ற சொல்லே இல்லை, ஒரு ரிமோட் இருக்கிறது. பொருள் எவ்வளவு சின்னதோ அவ்வளவு தூரம் மீம் பாயும். இன்னும் ஒரு படி போகலாம். இரண்டு சட்டமாகப் பிரித்து, மேலே ஓவியம் அப்படியே, 'அப்பா ஆபீஸ்லேருந்து வந்துட்டாரு' என்ற வரியோடு. கீழே அதே ஓவியத்தின் பின்னணி மட்டும், ஆளும் இல்லை நாயும் இல்லை, 'அம்மா ஆபீஸ்லேருந்து வந்துட்டாங்க' என்ற வரியோடு. கீழ்ச் சட்டத்துக்கு ஆட்களை அழிக்க ஸ்னாப்சீடு படச் செயலியின் ஹீலிங் கருவியை நம்பாதீர்கள். சின்னப் புள்ளிகளுக்கு அது சரி, ஓர் ஆள் அளவை அழித்தால் பின்னணி சேறு பூசியதுபோல் இழுத்துக்கொள்ளும். காலியாக இருக்கும் பின்னணித் துண்டு ஒன்றை வெட்டிப் பெரிதாக்கி வைப்பது சுத்தமாக இருக்கும்.

1889இல் வரைந்த இசைக்கலைஞர்கள் ஓவியம் இன்னொரு புதையல். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளின் உடையில் 11 பெண்கள், கையில் வாத்தியங்கள். ஒருத்தி முகத்திலும் உற்சாகம் இல்லை. 'பொண்ணுக்குப் பாடத் தெரியுமான்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க' என்று மேலே எழுதினால் கீழே ஒரு சொல்லும் தேவைப்படாது.

ரவி வர்மாவிடம் இரண்டு சிக்கல்கள் உண்டு. அவருடைய லட்சுமி, சரஸ்வதி படங்களைத் தொடாமலிருப்பது நல்லது. பக்திக்காகச் சொல்லவில்லை. தொட்ட மறுநிமிடம் பேச்சு பெண்ணைப் பற்றி இருக்காது, புண்பட்ட மனங்களைப் பற்றியதாகிவிடும். நீங்கள் எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க எதிர்த்தரப்புக்கு அதைவிட நல்ல கதவு கிடையாது. இரண்டாவது சிக்கல் பெரியது. அவருடைய பெண்கள் பெரும்பாலும் சிவந்த நிறமும் நகையும் பட்டும் கொண்ட மேல்தட்டுப் பெண்கள். அவர்களை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் வயலில் நடவு நடுகிறவளும், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளும் இந்தக் கேலியிலிருந்தே காணாமல் போவார்கள். அடுக்குமாடி வீட்டுப் பெண்ணின் சமையலறைச் சுமையைப் பற்றிய மீமில் அந்தச் சுமையைக் கடைசியில் தூக்குகிற வேலைக்கார அம்மா எங்கே என்ற கேள்வி நியாயமானது.

அங்கேதான் சொந்தமாக வரைவதும் எடுப்பதும் வருகிறது. கை ஓவியம் அழகாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ரச்சிதா தனேஜா 2014 முதல் குச்சி உருவங்களை மட்டும் வைத்து நடத்திவரும் சானிட்டரி பேனல்ஸ் சித்திரத்தொடர் அதற்குச் சாட்சி. அந்தக் குச்சிக் கோடுகளுக்காக 2020இல் உச்ச நீதிமன்றத்தில் அவமதிப்பு வழக்கு வரைக்கும் போனது. வட்டமும் ஐந்து கோடுமாக இருக்கும் உருவத்துக்கு நிறம் கிடையாது, சாதி அடையாளம் கிடையாது, யாருடைய உடலும் அங்கே கேலிப் பொருளாகாது.

புகைப்படம் என்றால் ஒரு யோசனை. 'நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க' என்று சொல்லித்தானே பாதிக் கதவுகள் மூடப்படுகின்றன. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தெருவோரம் அரைவட்டமாகப் போட்டு, ஆளில்லாமல் ஒரு படம் எடுங்கள். காலை ஏழு மணி வெளிச்சத்தில் நிழல் நீளமாக விழும். கேமராவை உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில், தரையிலிருந்து நான்கு அடியில் வைக்க வேண்டும். மேல் மூன்றில் ஒரு பங்கு வெறும் சுவரோ வானமோ இருக்கட்டும், எழுத்துக்கு அந்த இடம் தேவை. நாற்காலிகள் ஒரே நிறமாக இருந்தால் சின்னதாகச் சுருங்கினாலும் கூட்டமாகத் தெரியும். இந்த ஒரு படம் நூறு கேப்ஷனைத் தாங்கும். 'பொண்ணு நைட் ஷிஃப்டுக்குப் போகுதாமே', 'விவாகரத்தாம்ல', 'இன்னும் விசேஷம் இல்லையா' என்று எது வந்தாலும் பேசுவது அந்தக் காலி நாற்காலிதான். டெம்ப்ளேட்டுக்குச் சோதனை எளிது. போன் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினாலும் என்ன படம் என்று புரிய வேண்டும், மூன்று வேறு வேறு விஷயத்துக்குப் பொருந்த வேண்டும்.

தலைகீழாக்குவது இன்னொரு பழைய உத்தி, பெண்ணுக்குச் சொல்வதை ஆணுக்குச் சொல்லிப் பார்ப்பது. இதற்குக் கல்யாண விளம்பரம்போல் தோதான வடிவம் இல்லை. நாளிதழின் வரி விளம்பரக் கட்டத்தை அச்சு அசலாகச் செய்து, 'மணமகன் தேவை: சிவந்த நிறம், அடக்கமான சுபாவம், நன்கு சமைக்கத் தெரிந்தவர். பட்டதாரி எனினும் திருமணத்துக்குப் பின் மனைவி வீட்டார் அனுமதித்தால் மட்டும் வேலைக்குச் செல்லலாம். மாமனார் மாமியாரைப் பெற்றோர்போல் கவனிக்க வேண்டும்' என்று எழுதலாம். ஆனால் அது எடுபட, எழுத்துரு நாளிதழ் எழுத்துருவாக இருக்க வேண்டும், கட்டத்தின் கோடு மெலிதாக இருக்க வேண்டும், பக்கத்துக் கட்டங்களில் வழக்கமான விளம்பரங்கள் பாதி தெரிய வேண்டும். சிரிப்பு சொற்றொடரில் பாதி, அச்சின் ஒப்பனையில் பாதி. செல்போன் எண் மாதிரி எதையும் போடாதீர்கள். கற்பனையாகப் போட்ட பத்து இலக்கமும் யாரோ ஒருவருடைய எண்ணாக இருக்கும், அவருக்கு ராத்திரி முழுக்க அழைப்பு வரும்.

அங்கதம் தோற்கிற விதமும் தெரிந்திருக்க வேண்டும். 'நல்ல மருமகளின் பத்து இலக்கணம்' என்று கேலியாக ஒரு பட்டியல் போட்டால், மூன்றாம் நாள் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'அருமையான பதிவு' என்ற வாழ்த்தோடும் பூங்கொத்து இமோஜியோடும் திரும்பி வரும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கேலி என்பதைக் காட்டும் வரி படத்துக்கு வெளியே, பதிவின் எழுத்தில் இருந்திருக்கும். படத்தை மட்டும் இறக்கி அனுப்பும்போது அது கழன்றுவிடும். திருப்பம் படத்துக்குள்ளேயே, அதுவும் ஓரத்தில் இல்லாமல் நடுவில் இருக்கட்டும். மேலும் கீழும் பத்து சதவீதம் வெட்டினாலும் பொருள் மாறாமல் நின்றால் அந்த மீமை வெளியே விடலாம். பட்டியல் வடிவத்தில் ஏழாவது வரியில் திருப்பம் வைப்பது வீண், ஏழாவது வரி வரை யாரும் வருவதில்லை. இரண்டாவது வரியிலேயே உடைத்துவிடுங்கள்.

தவிர்க்க வேண்டியதில் முதலிடம் புடவை கட்டிய ஆண் காமெடியன் படம். ஆணாதிக்கத்தைத் திட்டப் போய், ஓர் ஆண் பெண் உடையில் இருப்பதே கேவலம் என்று சிரிக்க வைக்கிற படம் அது. அடிபடுவது திருநங்கைகள். அதேபோல் 'பூமர் அங்கிள்' மீம்களில் அந்த ஆளின் தொப்பை, நிறம், உடைந்த ஆங்கிலம் எல்லாம் சிரிப்புக்கு வந்துவிடுகின்றன. அவர் சொன்ன வாக்கியம்தான் குறி. பல் எப்படி இருக்கிறது என்பது நமக்கு வேண்டாத விஷயம். பொண்டாட்டியிடம் அடி வாங்கும் புருஷன் மீம்களுக்கு எதிர் மீம் போடுவதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அந்த வகை மீம் வாழ்வதே வாக்குவாதத்தில்தான். பதில் போட்டால் அதற்கு ரீச் கூடும், அவ்வளவுதான் லாபம்.

தமிழ் எழுத்தைப் படத்தில் ஏற்றுவது தனி வேலை. பல நல்ல மீம்கள் விழுவது இங்கேதான். இணையத்தின் ஆதி மீம் எழுத்துருவான இம்பாக்ட் 1965இல் வந்தது, அதில் தமிழ் இல்லை. ஆனால் வெள்ளை எழுத்து, கறுப்பு ஓரக்கோடு என்ற அதன் வழக்கம் மட்டும் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்குத் தடித்த ஓரம் பொருந்தும். நம் ண, ணை, ஞ, இ எல்லாம் சுழிகளால் ஆனவை. ஓரக்கோடு உள்பக்கமும் வளர்ந்தால் சுழி அடைபட்டு ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். ஃபோட்டோஷாப்பில் ஸ்ட்ரோக்கை, அதாவது ஓரக்கோட்டை, 'அவுட்சைடு' என்று வையுங்கள். 60 பிக்ஸல் எழுத்துக்கு 3 அல்லது 4 பிக்ஸல் போதும். வெளிப்பக்கம் மட்டும் என்ற வசதி இல்லாத மொபைல் செயலியென்றால் எழுத்து அடுக்கை இரண்டாக நகலெடுத்து, கீழே உள்ளதற்கு மட்டும் ஓரம் போட்டு, மேலே ஓரமில்லாததை வையுங்கள். அதைவிடச் சுலபம், ஓரமே வேண்டாம், கறுப்புப் பட்டை போட்டு அதில் வெள்ளை எழுத்து. எழுத்துருவுக்கு முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் நான்கும் இலவசம், தடித்த எடையிலும் சுழி திறந்தே இருக்கும். பலூ தம்பி உருண்டையாகக் குழந்தைத்தனமாக இருக்கும். கொடூரமான விஷயத்தை அப்பாவி முகத்தோடு சொல்ல அது நல்ல துணை.

ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் 'பெண்' என்று தட்டினால் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய், புள்ளி வட்டத்தோடு தொங்கும் கதை எல்லோருக்கும் தெரியும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. பிரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்டு-ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுத்து, புதிய கோப்பு திறக்க வேண்டும். இன்னும் பழையவற்றில் அதே இடத்தில் மத்தியக் கிழக்கு, தெற்காசிய மொழிகள் என்று இருக்கும். ஏற்கெனவே திறந்திருக்கும் எழுத்து அடுக்குக்கு பாராகிராஃப் பேனலின் மெனுவில் தனியாக மாற்ற வேண்டும். டிடிபி கடையில் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்துத் தந்ததை அப்படியே எடுத்து வந்து யூனிகோடு எழுத்துருவில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துரு மாற்றிக் கருவியால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

வரி உடைப்பையும் செயலியிடம் விடாதீர்கள். அது இடம் தீர்ந்த இடத்தில் உடைக்கும், மூச்சு நிற்கும் இடத்தில் உடைக்காது. 'செய்துகொண்டிருக்கிறாள்' என்று ஒரு சொல் வந்தாலே வரி முழுதும் அதற்குப் போய்விடும். 'செஞ்சிட்டிருக்கா' பாதி இடத்தில் முடியும், காதிலும் விழும். 1080 அகலத்தில் எழுத்து 48 பிக்ஸலுக்குக் கீழே போனால் ஸ்க்ரோல் செய்கிற விரல் நிற்காது. கறுப்பில் சிவப்பு எழுத்து கணினியில் ரத்தம் மாதிரி ஜொலிக்கும், ஆனால் ஜேபெக் சுருக்கத்தில் நிறத் தகவல்தான் முதலில் குறைக்கப்படும் என்பதால் நான்கு பேர் கை மாறியதும் ஓரம் கலங்கிவிடும். வெள்ளையோ மஞ்சளோ தாங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் மூலப் பிரதியை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

அதே மீம் தெருவுக்கு வந்தால் கணக்கு மாறும். கராச்சியில் 2018 மகளிர் தின ஊர்வலத்தில் கையால் எழுதிய ஒரு அட்டை, 'சாப்பாட்டை நீயே சூடு பண்ணிக்கோ' என்று உருதுவில் சொன்னது. மூலத்தில் ஒரு சில சொற்கள்தான். நாடு முழுக்கச் சண்டை. பெரிய கோரிக்கைகளை எழுதிய அட்டைகளுக்கு வராத கோபம் ஒரு தட்டுச் சோற்றுக்கு வந்தது. 22க்கு 28 அங்குல சார்ட் அட்டையில் தமிழ் என்றால் அதிகம் ஐந்து சொல். பத்தடி தூரத்துக்கு எழுத்துயரம் ஒரு அங்குலம் என்று சொல்வார்கள். நம் எழுத்தில் மேலே கொக்கியும் கீழே சுழியும் இருப்பதால் ஒன்றரை வையுங்கள். கீழே மூன்று அங்குலம் காலியாக விடுங்கள், பிடித்திருக்கும் விரல்கள் அங்கேதான் மறைக்கும். பளபள லேமினேஷன் வேண்டாம், வெயிலில் கேமராவுக்கு வெறும் வெள்ளைதான் தெரியும். ஊர்வலத்துக்கு முன்பே அட்டையை நேராக வைத்து ஒரு படம் எடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். 2021இல் அதே ஊர்வலத்தின் காணொளி ஒன்றில் கோஷங்களைத் திரித்து, மத அவமதிப்பு என்று பரப்பினார்கள். எது அசல் என்று காட்டக் கையில் ஆதாரம் வேண்டும்.

பெயர் மறைத்துப் போடுவது கோழைத்தனம் என்று சொல்பவர்களுக்கு இன்பாக்ஸில் என்ன வருகிறது என்று தெரியாது. தனி மின்னஞ்சல், இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு எஸ்எம்எஸ்சுக்குப் பதில் ஆத்தென்டிகேட்டர் செயலி, வாட்டர்மார்க்கில் பேஜ் பெயர் மட்டும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் மேல் பட்டையை வெட்டுங்கள். நேரம், சிம் நிறுவனம், சார்ஜ் அளவு எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். சொந்தமாக எடுத்த படத்தில் இடத் தகவலை நீக்குங்கள். இணையப் பதிவுக்காகக் கைது செய்ய இடம் தந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 24 மார்ச் 2015 அன்று ரத்து செய்துவிட்டது, ஆனால் அவதூறு வழக்கு இருக்கிறது. பொதுவாழ்வில் இருப்பவர் மேடையில் சொன்னதைக் கேலி செய்வது வேறு, பக்கத்து வீட்டுக்காரர் இன்பாக்ஸில் அனுப்பியதைப் பெயரோடு போடுவது வேறு.

எண்களை வைத்து மீம் போடுகிறவர்கள் ஒரு விஷயத்தில் தடுக்கி விழுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் பெண்கள் வீட்டு வேலைக்குச் சம்பளமில்லாமல் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொன்னது. மூன்று மடங்கு என்று மீம் வந்தது. ஆனால் அது வேலை செய்தவர்களுக்கான சராசரி. அன்றைக்கு வீட்டு வேலையைத் தொட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். தொடாதவர்களையும் சேர்த்தால் பெண்ணுக்கு 243 நிமிடம், ஆணுக்கு 25. கிட்டத்தட்ட பத்து மடங்கு. 97 என்று போடுகிற மீம், விரலை அசைக்காத முக்கால்வாசி ஆண்களைக் கணக்கிலிருந்து காப்பாற்றிவிடுகிறது. இதைக் கிரிக்கெட்டில் சொன்னால் போய்ச் சேரும்: ஒரு முழு டி20 மேட்ச் முடிந்து, பரிசளிப்பும் முடிந்து, அவள் இன்னும் அடுப்படியில். அவன் பங்கு இன்னிங்ஸ் இடைவேளையைவிடக் கொஞ்சம் கூடுதல். படத்தில் இரண்டு பட்டைகள் போதும், ஒன்று பத்து சென்டிமீட்டர் என்றால் இன்னொன்று ஒரு சென்டிமீட்டர்.

2024 கணக்கெடுப்பில் 299 என்பது 289 ஆகவும், 97 என்பது 88 ஆகவும் இறங்கியிருக்கிறது. 15 முதல் 59 வயதுப் பெண்களை மட்டும் எடுத்தால் 315இலிருந்து 305. இரண்டு வயது வரம்பையும் ஒரே மீமில் கலந்துவிட்டால் கமெண்ட்டில் ஒருவர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவார். ஆண்டையும் வயது வரம்பையும் படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பில் எண்ணைத் தனி லேயரில் (அடுக்கில்) வையுங்கள், அடுத்த கணக்கெடுப்பு வரும்போது அதை மட்டும் மாற்றினால் போதும்.